என் போனில் மூன்றாவது ஊர்

நீங்கள் இதைப் படிக்கும்போது மும்பையில் மழை பெய்துகொண்டிருக்கும். அல்லது பெய்யாது. இதற்கு மேல் உறுதியாக எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் வரை இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பழைய வாசகர்களுக்கு என் வானிலைப் பைத்தியம் தெரியும். பாங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் ஷேர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வானம் என்றால்... போனில்தான். மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஃபிளாட் பால்கனியிலிருந்து தெரிகிற வானம் ஒரு பாய் அகலம்தான் இருக்கும். போனில் அரபிக்கடல் முழுக்கத் தெரிகிறது. விடுவேனா?

மும்பையின் மே மாதத்தை எப்படிச் சொல்வது? டெல்லியில் இருக்கும் என் மச்சினன் நாற்பத்தைந்து டிகிரி என்று போனில் பீற்றிக்கொள்வான். எங்களுக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்துதான். ஆனால் குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடுவதற்குள் மறுபடி நனைந்திருப்போம். சட்டை, சோபா, செய்தித்தாள் எல்லாம் உடம்போடு ஒட்டும். இந்தக் கசகசப்பை எந்த டிகிரியில் அளப்பது? போனில் இருக்கும் வானிலை ஆப் மட்டும் நேர்மையாக 'உணரும் வெப்பம்' என்று தனியாக ஒரு எண் போடும். அதைப் பார்த்தால் நமக்கே நம் மீது பரிதாபம் வரும்.

இதையெல்லாம் நான் சொன்னால் கேட்க ஆள் வேண்டுமே! லிஃப்ட்டில் "நாளைக்கு ஹ்யூமிடிட்டி ஜாஸ்தி" என்று ஆரம்பித்தால், கூட நிற்கிறவர் தன் மாடி வந்துவிட்டதா என்று எண்ணைப் பார்க்கிறார். வீட்டில் விஜயா இன்னும் மோசம்.

"நாளைக்கு வேர்க்கும்னு சொல்ல ஒரு போன் வேணுமா? இன்னிக்கே வேர்க்கறதே, போறாதா?"

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியம். இப்படித்தான் இருக்கும்.

என்னை நம்பிய ஒரே ஜீவன் முத்துலட்சுமி.

எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கிறாள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், வீடு தாராவியில். காலையில் வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே "சார், இன்னைக்கு எப்படி?" என்று கேட்பாள். நான் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். அவள் கேட்டுக்கொண்டு, "அப்பம் துணி துவச்சுப் போடலாம்" என்பாள். என் ஆராய்ச்சியால் உலகத்துக்கு விளைந்த ஒரே பயன் அந்தத் துணிகள்தான் என்பது விஜயாவின் கட்சி.

மே மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கமான கேள்வி வரவில்லை. பெரிய கேள்வி வந்தது.

"சார், எங்க வீட்டுல கேக்கச் சொன்னாவ. பிளாஸ்டிக் இப்ப போட்டுரலாமா, பத்து நாளு கழிச்சுப் போடலாமா?"

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மழைக்கு முன்னால் தாராவியின் மேல்மாடிக் கூரைகள் எல்லாம் நீல நிறமாக மாறும். தகரத்தின் மேல் பெரிய நீல பிளாஸ்டிக்கை விரித்து, கயிறு கட்டி, செங்கல்லும் பழைய டயரும் வைத்து அழுத்துவார்கள். முதல் மழை விழுந்துவிட்டால் பிளாஸ்டிக் கட்டுகிற ஆட்களைக் கையில் பிடிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே போட வேண்டும். ஆனால் ரொம்ப முன்னாலும் போடக் கூடாது. ஏன்? தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும். கோடையில் அந்த வீட்டுக்குக் காற்று வருவது அது வழியாகத்தான். பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினால் அதுவும் அடைபட்டுப்போகும்.

ஆக, மழைக்கு ஒரு நாள் முன்னால் போட்டால் புத்திசாலி. பத்து நாள் முன்னால் போட்டால் வெந்துபோக வேண்டியதுதான்.

இந்த வருடம் அந்த வீட்டில் கூடுதலாக இரண்டு பேர். மகள் பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்தது பெண். அப்போது இரண்டு மாதம்.

நான் போனை எடுத்தேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது. திரையை விரலால் தள்ளினேன்... கருமேகம்! மின்னல்! கனத்த துளிகள்! வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு — வரிசையாக நாலு நாள்.

"முத்துலட்சுமி! நாளை மறுநாள் இடியோட மழை. இன்னிக்கே போட்டுடு!"

"மே மாசத்துலயா சார்?"

"இப்பல்லாம் கிளைமேட் சேஞ்ச்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் உலகத்தில் எதற்கும் விளக்கம் தேவையில்லை.

மாவுக் கையோடு அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். "சார் பாத்துட்டாவ. இன்னைக்கே ஆளக் கூப்பிடுங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை வெயில். வெள்ளிக்கிழமை வெயிலோ வெயில். "மழை சிஸ்டம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கு" என்று ஹாலில் உட்கார்ந்து நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. முத்துலட்சுமியின் கையில் உப்பு தப்பி நான் பார்த்ததில்லை. விஜயா அவளை உட்கார வைத்து என்னவென்று கேட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"உறக்கமே இல்ல மாமி. உள்ள அடுப்பு மாரி கெடக்கு. பிள்ளைக்கு கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. அழுதுகிட்டே கெடக்கு. மாப்பிள்ள நாளைக்கு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை வீடு மும்பையின் கிழக்குக் கோடியில், மான்குர்தில். ஏழாவது மாடி, நல்ல காற்று. அவரைத் தப்புச் சொல்ல முடியுமா? தன் பிள்ளை வேகும்போது எந்த அப்பா சும்மா இருப்பான்?

"மூணு மாசம் வச்சிருந்து, செய்யுறதச் செஞ்சு அனுப்பணும் மாமி. இன்னும் ஒரு மாசம் கெடக்கு. பாதில போனா, வச்சுப் பாக்க வக்கில்லாமத்தான அனுப்பிட்டான்னு சொல்லுவாவ."

"பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டா என்ன?" என்றேன் நான்.

"ஒரு தடவ வெயில்ல காஞ்சத கழட்டி மடிச்சா கிழிஞ்சிரும் சார். அதுவும் போக, சிஸ்டம் தள்ளித்தான போயிருக்கு? நாளைக்கு பெஞ்சுட்டா?"

இன்னும் என்னை நம்பிக்கொண்டிருந்தாள்!

அன்று மத்தியானம் அவள் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, பாலக்காட்டிலிருந்து அண்ணா போன் செய்தார். பூர்வீக வீட்டில் இப்போது அவர்தான் இருக்கிறார்.

"இங்க மூணு நாளா கொட்டறதுடா. இடி வேற. முத்தத்துல தண்ணி நிக்கறது."

 கண்ணாடியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். என் வானிலை ஆப்பில் இரண்டு ஊர் உண்டு. முதல் பக்கம் மும்பை. விரலால் தள்ளினால் இரண்டாவது பக்கம், பாலக்காடு. மாட்டுங்காவில் எங்களைப் போன்ற பாலக்காட்டுக் குடும்பங்களில் பாதிப் பேர் போனில் இப்படித்தான். மே மாதம் வந்தால் "நாட்டுல மழை வந்தாச்சா?" என்று சொந்த ஊரை விசாரிப்பது எங்கள் பழக்கம். அங்கே இறங்கி, அப்புறம்தானே மழை இங்கே வரும்?

சனி, ஞாயிறு. அதே கருமேகம், அதே மின்னல். மேலே சின்ன எழுத்தில் 'பாலக்காடு'. மும்பைப் பக்கத்தில் வரிசையாக ஒன்பது சூரியன்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூடி மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? பெரிய பெரிய கம்ப்யூட்டரே தப்பாகச் சொல்கிறது, நான் எம்மாத்திரம்? ஆனால் விஜயா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். போனையும் வாங்கிப் பார்த்துவிட்டாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சட்டையைப் போட்டுக்கோங்கோ" என்றாள். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

தாராவிக்கு டாக்ஸியில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக முத்துலட்சுமி வீட்டுக்குப் போகிறேன் என்பது சந்தில் நுழையும்போதுதான் உறைத்தது. இரும்பு ஏணியில் ஏறி உள்ளே கால் வைத்தேன். சாயங்காலம் ஐந்து மணி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. காது மடல் சுட்டது. என் 'உணரும் வெப்பம்' எல்லாம் அங்கே வெறும் எண்.

பிரியா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தை, பாவம், அழுது ஓய்ந்து கிடந்தது. கழுத்து மடிப்பில் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. 

"முத்துலட்சுமி, மழை எங்கயும் தள்ளிப்போகலை. நான் ஊரை மாத்திப் பார்த்துட்டேன். அது பாலக்காட்டு மழை. என் தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். மேலே கூரையைப் பார்த்தாள்.

"அப்பம்... பாலக்காட்டுல பெய்யுத மழைக்கு நாங்க தாராவில பிளாஸ்டிக் போட்டிருக்கோம்?"

"ஆமாம்."

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிரியாவும் சேர்ந்துகொண்டாள். "க்யா அங்கிள்! ஒரு தடவ பேரைப் பாத்திருக்கலாம்ல?"

மும்பையில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் அவளுக்குப் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஊர் பேரைப் படிக்காததற்கு அவளிடம் நான் பாட்டு வாங்கினேன்.

மழை இல்லை என்று தெரிந்ததும் ஒரு வேலை நடந்தது. முத்துலட்சுமியின் புருஷன் மேலே ஏறி, பிளாஸ்டிக்கைக் கழற்றாமல், மேற்குப் பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டினார். கொஞ்சம் காற்று வந்தது. கொஞ்சம்தான்.

விஜயா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "நாளையிலேர்ந்து காலம்பற நீ வரச்சே இவாளையும் அழைச்சுண்டு வந்துடு. பெட்ரூம்ல ஏசி இருக்கு. வெயில் தாழ்ந்தப்பறம் போங்கோ."

முத்துலட்சுமி தயங்கினாள். "ஆத்தா வீட்டுல இருக்க வேண்டிய பிள்ள மாமி. வேற வீட்டுல போயி..."

"பகல் பூரா நீ எங்காத்துலதானே இருக்காய்? அம்மா இருக்கற இடம்தானே அம்மா வீடு?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். என்னோடு வீணாய்ப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. சொன்னபடி மாப்பிள்ளை வந்தார், எங்கள் வீட்டுக்கே. முகத்தைக் கொஞ்சம் உர்ரென்றுதான் வைத்திருந்தார். பெட்ரூமை எட்டிப் பார்த்தார். ஏசிக் குளிரில் மனைவியும் மகளும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் சத்தம் போடாமல் உட்கார்ந்தார். அரை மணி கழித்துப் பார்த்தால் அவரும் தூங்குகிறார்! எழுந்து, காபி குடித்துவிட்டு, "மூணு மாசம் முடியட்டும் மாமி" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே மான்குர்துக்குப் போனார். முத்துலட்சுமி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் என் வீட்டில் எனக்கு இடமில்லை. ஏசி பாப்பாவுக்கு. பகலில் நானும் என் போனும் பால்கனியில் வேர்த்தோம். ஆனாலும் புதிதாக ஒரு ரசிகை கிடைத்தாள். காலையில் விழித்துக்கொண்டு கிடப்பாள். பக்கத்தில் போய், முதலில் ஊர் பேரைப் படித்துவிட்டு, அன்றைய வானிலையை வாசிப்பேன். காலை உதைத்துக்கொண்டு முழுவதும் கேட்பாள். லிஃப்ட்டில் வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். போனைப் பார்த்தேன். மும்பை. மூன்று தடவை சரிபார்த்தேன், மும்பைதான். சூரியன். "இன்னிக்கு மழை இல்லை" என்று சமையலறைப் பக்கம் அறிவித்தேன்.

பத்து நிமிடத்தில் ஜன்னல் படார் என்று அடித்துக்கொண்டது. மண் வாசனை. முத்துலட்சுமி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"சார்... பெய்யுது."

போனில் இன்னும் சூரியன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது. "அய்யய்யோ! மேக்குப் பக்கம் தூக்கிக் கட்டியிருக்கே!"

புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் அதற்கு முன்பே ஏறி இறக்கிக் கட்டிவிட்டாராம். ஒரு பாய் நனைந்ததோடு சரி. 'எப்படித் தெரிந்தது?' என்று கேட்கச் சொன்னேன். "அண்ணாந்து பாத்தாவளாம்" என்றாள்.

மழை வந்து ஊர் குளிர்ந்ததும் பிரியாவும் பாப்பாவும் பகலிலும் தாராவியிலேயே இருந்தார்கள். மூன்று மாதம் நிறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, முத்துலட்சுமி தலை நிமிர்ந்து இருவரையும் மான்குர்துக்கு அனுப்பி வைத்தாள். நாங்களும் போயிருந்தோம். விஜயா அழுதாள். நான் அழவில்லை. வேர்த்தது.

ஏசி ரிமோட் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. பெட்ரூமில்தான் இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று விஜயா என் போனை எடுத்து எதையோ தேடினாள். வானிலை ஆப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது என்ன, மூணாவதா ஒரு ஊர்?"

 நமக்கென்று ஆள் இல்லாத ஊரின் மழையை யாராவது மெனக்கெட்டுப் பார்ப்பார்களா?  அவள் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டு, போனைக் கையில் கொடுத்தாள். "பேரை முதல்ல படிச்சுட்டு, அப்பறம் வாசியுங்கோ" என்றாள்.

மான்குர்த். மேகமூட்டம். மேற்கிலிருந்து லேசான காற்று. பாப்பா தூங்கியிருப்பாள்.