மூக்குக்கு ஐந்து கொட்டை

சாப்பாட்டு மேசையில் பகடை உருண்டது எனக்குப் புளியங்கொட்டைச் சத்தமாகக் கேட்டது. மகள் ஏதோ விளையாட்டுக்காகக் காட்டு வீரன் ஒருவனைத் தாளில் உருவாக்கிக்கொண்டிருந்தாள். பலத்துக்கு இத்தனை, வேகத்துக்கு இத்தனை என்று கட்டங்களில் புள்ளிகளைப் பிரித்தாள்.

எழுபதுகளில் பாகூரில் நானும் தங்கை செல்வியும் இதையேதான் செய்தோம். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. தரையில் கரியால் வீரனை வரைந்து, கை, கால், கண் என்று கொட்டைகளை வைப்போம். நான் எட்டைக் கையில் வைத்தேன். செல்வி ஐந்தை மூக்கில் வைத்தாள்.

"மோந்து பாத்தா சண்ட போடுவான் ஒன் வீரன்?" என்று சிரித்தேன்.

பிறகு அந்த வீரர்களாகவே எங்கள் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தோம். தலைக்கு மேல் தோகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. வழி தெரியாமல் என் எட்டுக் கொட்டை வீரன் அழுதுவிட்டான். செல்வி நின்று மூச்சை இழுத்தாள்.

"அக்கா, பாகு வாசன இப்டி வருது. வா."

வெல்லக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த அப்பா, தோகை கீறிய எங்கள் கைகளைப் பார்த்தார். "எங்கடி போனீங்க?"

"காட்டுக்கு" என்றாள் செல்வி. அவர் வாழையிலைத் துண்டில் சூடான பாகை ஊற்றி நீட்டினார்.

"அம்மா, ஒரு புள்ளி மிச்சம். எதுல போடட்டும்?" என்றாள் மகள்.

"மூக்குல."

"அதுக்குக் கட்டமே இல்லம்மா."

பென்சிலை வாங்கி, நானே ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன்.