குல்லாய்க்குள் கம்யூனிஸ்டு

தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரத்துத் தையல் ஆலையில் கால்சட்டைப் பை தைத்துக்கொண்டிருந்த யாகோமினா ஸ்னைமனைக் கம்யூனிசத்திலிருந்து மீட்பதற்காக, 1938-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரென்ட் லோட்டர் வந்து கதவைத் தட்டினான். முன்பு வாத்தியாராக இருந்தவன். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் பெண்களைத் தையல் தொழிலாளர்களின் சிவப்புச் சங்கத்திடமிருந்து பிரித்தெடுக்கச் சொல்லி, ஆப்பிரிக்கானர் கட்சிக்காரர்களும் சர்ச் சபைக்காரர்களும் சேர்ந்து அவனை அனுப்பியிருந்தார்கள்.

யாகோமினா வெறுங்காலோடு கதவைத் திறந்தாள்.

"நீங்க ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் சர்ச்சுக்கு வர்றீங்களாம். கடவுள் இல்லேன்னு சங்கத்துல சொல்லிக்குடுக்கறாங்களா?"

"கடவுள் இருக்கார், ஷூதான் இல்ல. எனக்கும் தங்கச்சி ட்ரீகாவுக்கும் ஒரே ஜோடி. இந்த வாரம் அவ முறை."

இருந்தாலும் பாரென்ட் மனப்பாடம் செய்துவந்ததை விடவில்லை.

"கம்யூனிஸ்டு வந்தா நம்ம நிலத்தையெல்லாம் புடுங்கிக்குவான்."

"எங்கப்பா நிலத்த பேங்க் மேனேஜர் புடுங்கிட்டார். அவரும் கம்யூனிஸ்டா? எங்க ஊர் சர்ச்சுல மூப்பரா இருக்கார்."

அவன் குரலைத் தாழ்த்தினான். உண்மையில் கேட்க வந்தது இதைத்தான். "கலப்பினப் பொண்ணுங்களும் உங்க சங்கத்துல இருக்காங்களாமே?"

"அவங்களுக்குத் தனிக் கிளை. ஆனா வேலைநிறுத்தம்னா சேர்ந்துதான் வெளிய வருவோம். இல்லேன்னா எங்கள விரட்டிட்டு அவங்களப் பாதிக் கூலிக்கு வச்சுக்குவான் முதலாளி. காப்பி குடிக்கிறீங்களா? சக்கர கெடையாது."

குடித்தான். அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும். மேலிடத்தில் கேட்டால், மீட்புப் பணி தொடர்கிறது என்றான்.

ஆப்பிரிக்கானரின் முன்னோர்கள் மாட்டுவண்டி கட்டி உள்நாட்டுக்குப் போனதன் நூற்றாண்டு விழா ஆண்டு அது. அந்தப் பழைய வண்டிகளைப் போலவே செய்த விழா வண்டிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. சங்கத்துப் பெண்கள் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, அந்தக்கால நீளப் பாவாடையும் முகத்தை மூடும் ஆழமான குல்லாயும் தைத்தார்கள். எல்லாம் தயாரான பிறகு, சங்கத்தைச் சேர்ந்தவர்கள் மைதானத்துக்கு வரக்கூடாது என்றது விழாக் குழு. சேதியைச் சொல்ல வந்த பாரென்ட் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கொள்ளுத் தாத்தா அந்தப் பயணத்துல வண்டியிலதான் பொறந்தார். எங்கள வராதேன்னு சொல்ல இவங்க யாரு?"

"என்னை வாசல்ல நின்னு தடுக்கச் சொல்லியிருக்காங்க, யாகோமினா."

"தடுத்துத்தான் பாரேன்!"

விழா நாளன்று வாசலில் நின்ற பாரென்டுக்கு வியர்த்துக் கொட்டியது. பெண்கள் அத்தனை பேரும் குல்லாய் போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது கடவுள் பக்தையா கம்யூனிஸ்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல்களைப் பார்த்தான். ஊசி குத்திய விரலோடு ஓர் அம்மாள் வேகமாக வந்தாள்.

"நில்லுங்கம்மா. கம்யூனிஸ்டுகளுக்கு அனுமதி இல்ல."

குல்லாய் திரும்பியது. உள்ளே இருந்தது குழுத் தலைவரின் மனைவி. விருந்து மேசை விரிப்புக்கு வாரமெல்லாம் பூவேலை செய்த விரல் அது.

"யாருடா கம்யூனிஸ்டு? யாரப் பாத்துடா சொன்னே?"

அவள் குடையை ஓங்கினாள். கூட்டம் கூடிச் சிரித்தது. அந்தச் சந்தடியில் சங்கத்துப் பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள்.

"நல்லாத் தடுத்தே, பாரென்ட்," என்றது கடைசிக் குல்லாய்.

யாகோமினா வண்டிச் சக்கரத்தைத் தொட்டாள். கையெல்லாம் மண்ணும் மசகும். சிரிப்புத்தான் வரும் என்று நினைத்திருந்தாள், அழுகை வந்தது. தன்னை வேண்டாம் என்ற ஜனம்தான், ஆனாலும் தன் ஜனம். எல்லோரும் பைபிள் சங்கீதம் பாடியபோது அவர்களைவிட உரக்கப் பாடினாள்.

பாரென்டின் வேலை போயிற்று. ரயில்வேயில் சேர்ந்தான். மறு வருடமே யாகோமினாவைக் கல்யாணம் செய்துகொண்டான், கட்சியை மட்டும் விடவில்லை. 1948-இல் கட்சி தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தபோது தெருவெல்லாம் கேக் கொடுத்தான். அவள் ஒரு துண்டு தின்றுவிட்டு, இனிப்பு போதவில்லை என்றாள்.

பிறகு கம்யூனிசத்தை ஒடுக்கும் சட்டம் வந்தது. அதைக் காட்டி அரசாங்கம் தையல் சங்கச் செயலாளரைப் பதவியிலிருந்து வெளியேற்றியது. கண்டனக் கூட்டத்துக்குப் போன யாகோமினா, போலீஸ் தடியடி வாங்கி வீங்கிய தோளோடு திரும்பினாள்.

பாரென்ட் ஈரத்துணி வைத்துவிட்டான். "நம்ம ஆளுங்களா அடிச்சாங்க?"

"உன் ஆளுங்கதான். நம்ம ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில சுத்தமா திட்டிக்கிட்டே அடிச்சாங்க."

அதன்பின் அவன் கட்சிக் கூட்டங்களுக்குப் போகவில்லை. ஓட்டை யாருக்குப் போட்டான் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடி வாங்கிய அடுத்த திங்கட்கிழமை காலை, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரி நூல் கோத்துக் கொடுக்க, யாகோமினா இடது கையால் துணியைத் தள்ளித் தைத்தாள்.