கணவாய்ப் பொரியலுக்கு எந்தப் பியர்?

குருநகர் எமில்ராஜுக்குப் பியரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் குடிக்கமாட்டார். குடித்துத் திரிந்த காலமும் இருந்தது. அந்தக் காலத்தில் மனைவி றெஜினா இரண்டு தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். பதினொரு வருடத்துக்கு முன் யாகப்பர் கோவிலில் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, இனி ஒரு சொட்டும் தொடுவதில்லையென்று பொருத்தனை வைத்தார். ஆனால் கைவந்த தொழில் பாரில் பரிமாறுவதுதான். அதை விட்டால் வேறு எதற்குப் போவது?

கடைசியாக வேலை செய்த பாரும் மூடி, நாலு மாதம் வீட்டில் இருந்தவரை இணுவில் கோபிகா கூப்பிட்டாள். யாழ்ப்பாணம் ரவுனில் சாப்பாட்டோடு பியரும் விற்கிற புதுக்கடை திறக்கிறாள். ஒவ்வொரு பொரியலுக்கும் பொருத்தமான பியர் எதுவென்று மெனுவில் அச்சடிக்க வேண்டுமாம். "அதெல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை" என்று வேலையை வாங்கிவிட்டார். பொருத்தனையைப் பற்றி மூச்சு விடவில்லை. குடிக்காதவனை இந்த வேலைக்கு யார் எடுப்பார்கள்?

வியாழன் மத்தியானம் குட்டு வெளிப்படும் நேரம் வந்தது. கடைக் குசினியின் சமையல் மேசையில் கணவாய்ப் பொரியல், இறால் வடை, ஆட்டிறைச்சி றோல்ஸ். பக்கத்தில் மூன்று விதமான பியர்ப் போத்தல்கள்.

"எமில் அண்ணை, ஒவ்வொண்டாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. மெனு இண்டைக்கே அச்சுக்குப் போகோணும்."

அவள் ஊற்றிக் கொடுத்த கிளாசைத் தூக்கினார். பழைய மணம் மூக்கில் ஏறியது. ஒரு மிடறுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் ஆசை காட்டியது. பயந்துபோய்க் கிளாசை வைத்துவிட்டார்.

"பிள்ளை, நான் குடிக்கிறேல்லை. பொருத்தனை."

"அப்ப எப்பிடி அண்ணை எல்லாம் தெரியுமெண்டனீங்கள்?"

"திரும்பி வாற தட்டைப் பாத்துத்தான். வெறி கூடின ஸ்ரோங் பியரோடை இறால் வடை குடுத்தா உறைப்புக் கூடும். வடை பாதியிலை திரும்பி வரும், சனம் தண்ணி கேக்கும். அதுக்கு நல்லாக் குளிர்ந்த லாகர்தான். கணவாய்க்கும் அதுதான், எண்ணெய் வாயிலை நிக்காது. றோல்ஸுக்குக் கறுத்த ஸ்ரவுட். அந்தத் தட்டு ஒருநாளும் மிச்சத்தோடை வந்ததில்லை."

கோபிகா கதிரையில் தொப்பென்று இருந்தாள். வேலை போய்விட்டது என்றே எமில்ராஜ் நினைத்தார். அவளோ தலையில் கைவைத்துச் சிரித்தாள். "நானும் வாயிலை வச்சதில்லை அண்ணை. நீங்கள் குடிப்பியள் எண்டு நம்பித்தான் எடுத்தனான்."

அடுப்படியில் நின்ற சமையல்காரன் வாகீசன் திரும்பினான். "நான் குடிப்பன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே?"

நல்ல கேள்விதான். வடையைக் கடித்து ஸ்ரோங் பியரில் ஒரு வாய் குடித்தவன், கண்ணில் தண்ணீர் வரக் குழாயடிக்கு ஓடினான். பிறகு றோல்ஸும் ஸ்ரவுட்டுமாக உட்கார்ந்தவனை எழுப்பமுடியவில்லை. எமில்ராஜ் சொன்னபடியே மெனு அச்சுக்குப் போனது. சனிக்கிழமையிலிருந்து அவரை வேலைக்கு வரச்சொன்னாள் கோபிகா.

வெளியே வந்து றெஜினாவுக்குப் போன் எடுத்தார். "குடிச்சனீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப வேலை?"

"இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி, வரேக்கை இராச்சாப்பாட்டுக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ."