பிணம் சிரித்த டிரெய்லர்

அப்பாவைப் பிணமாக்கிவிடலாம் என்று முடிவு செய்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மலேசியாவில், கிள்ளானில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் குறும்படப் போட்டி வைத்தார்கள். முழுப் படம் வேண்டாம், டிரெய்லர் போதும் என்று ஆசிரியை சொன்னதும் நான் இயக்குநராகிவிட்டேன். பேய்ப்படம். பேயாக வர என் தோழி இருந்தாள். நீளமான முடியும் அவள் அக்காவின் வெள்ளை நைட்டியும் அவளிடம் இருந்தன. பிணத்துக்குத்தான் ஆள் இல்லை.

அந்த வாரம் அப்பா வீட்டில் இருந்தார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர் பட்டப்பகலில் சோபாவில் சாய்ந்து உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்ததை நான் லீவு என்று எடுத்துக்கொண்டேன். கேட்டதும் சம்மதித்தார். அம்மாதான் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

“வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“சும்மா படுத்துக்கத்தான சொல்றா. இத விட ஈசியான வேல எங்க லா கிடைக்கும்?” என்றார் அப்பா.

ஹாலில் பாய் விரித்து, அப்பாவைப் படுக்கவைத்து, வெள்ளை வேட்டியைப் போர்த்தினோம். எடுத்ததற்கெல்லாம் அம்மா தடை போட்டார். மூக்கில் பஞ்சு வைத்தேன், பிடுங்கி எறிந்தார். கால் கட்டைவிரல்களைக் கட்டப் போனேன், நூலைப் பறித்துக்கொண்டார். தலைமாட்டில் விளக்கு கூடவே கூடாது என்றார். பேட்டரி மெழுகுவத்தியை வைத்துப் பேய்ப்படம் எடுக்கும் இயக்குநரின் வேதனை யாருக்குப் புரியும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளையாக தோழி ஒழுங்காக ஊர்ந்து வந்தாள். அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே செத்தார்.

நான் கட் சொன்னேன். அம்மா கைப்பேசியை நிறுத்தவிடவில்லை. செத்த மாதிரி நடித்தவர் உடனே கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், சினிமாக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள், இல்லையென்றால் ஆகாது என்றார். அப்பா கண்ணைத் திறந்து சிரித்தார்.

“இன்னும் கொஞ்சம் சிரிங்க.”

சிரித்தார்.

“பல்லு தெரியணும். நல்லா சிரிங்க.”

கைப்பேசியில் இடமில்லை என்று நான் கத்தினேன். அம்மாவின் குரல் கம்மிப்போயிருந்தது. காலையிலிருந்து என்னைத் திட்டியதில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன்.

எடிட்டிங்கையும் கைப்பேசியிலேயே செய்தோம். அந்தச் சிரிப்பை அழிக்கவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், டிரெய்லர் முடிந்து, கொஞ்சம் கறுப்புத் திரை விட்டு, அதற்கும் அப்பால் தள்ளிவைத்தேன். பிறகு அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

போட்டியன்று மாலை பள்ளி மண்டபத்துக்கு அம்மா மட்டும் ஃபிளாஸ்க்கும் பையுமாகத் தாமதமாக வந்தார். அப்பா குவாந்தானுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். டிரெய்லர் ஓடியது. பேய் ஊர்ந்தது, கதவு தானாகச் சாத்திக்கொண்டது, ‘விரைவில்’ என்ற எழுத்து வந்து போனது. திரை கறுப்பானதும் எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள். அப்போது பிணம் திரும்ப வந்தது. கண்ணைத் திறந்து சிரித்தது. “இன்னும் கொஞ்சம் சிரிங்க” என்று கம்மிய பெண்குரல் ஒன்று கேட்டது. பிணம் எல்லாப் பல்லையும் காட்டியது.

மண்டபமே அலறியது. முன்வரிசையில் ஓர் அங்கிள் நாற்காலியோடு சாய்ந்தார். முதல் பரிசு எங்களுக்குத்தான். அந்த முடிவை எப்படி யோசித்தாய் என்று மேடையில் கேட்டார்கள். பல நாள் யோசித்தது என்று கூசாமல் சொன்னேன்.

அம்மா மட்டும் அலறவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையோடு ஓடினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கடைசித் துண்டை மட்டும் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார்.

அப்பா குவாந்தானில் இல்லை. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். மறுநாள் காலை அவருடைய நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அவர் மெலிந்து, கழுத்துவரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய பிறகும் வெகுகாலம் இது எனக்குத் தெரியாது.

அன்று இரவு என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டிய அவசரத்திலும் அம்மா காரைக் கிளப்பவில்லை. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று அவர் குரலே காருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. என் எடிட்டிங் அம்மாவை இப்படி மயக்கிவிட்டதே என்று பின்சீட்டில் கோப்பையை மடியில் வைத்திருந்த எனக்கு ஒரே பெருமை.