அத்தை ஏற்றிய நாலு கிலோ

எங்கள் வீட்டில் நல்ல முட்டையை யாரும் சாப்பிட்டதில்லை. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். நல்ல முட்டை குழி வைத்த அட்டையில் ஏறி லாரிக்குப் போய்விடும். கீறல் விட்டது மட்டும் அடுப்படிக்கு வரும். கீறல் முட்டையை அவிக்க முடியாது, தண்ணீரில் பிதுங்கிவிடும். அதனால் எங்களுக்கு எப்போதும் ஆம்லெட்டும் பொரியலும்தான். பத்தாயிரம் கோழி வைத்திருந்தவரின் மகளான நான் அவித்த முட்டையைப் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடச் சத்துணவில்தான்.

அதனால்தான் என் ஒன்பதாவது வயதில் ஒருநாள் காலை, அத்தையின் தட்டில் கீறலே இல்லாத இரண்டு அவித்த முட்டைகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவற்றை அவித்து வைத்தது அம்மா என்று தெரிந்தபோது அதைவிட ஆச்சரியம். அம்மாவும் அத்தையும் பேசி ஆறு மாதமாகியிருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயது. பிறவியிலேயே ஒல்லி. எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஓடிப்போய்த் திரும்பி வரும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, பொண்ணு கொஞ்சம் சதை போடட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தை அதற்காக ஒரு வாய் கூடுதலாகத் தின்றதில்லை. இஷ்டமிருந்தால் கட்டட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்பாள். அப்படி வந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால்தான் அம்மா, "இவ எங்கீங்க சாப்படறா, கோழியாட்டக் கொறிப்பா" என்று சொல்லிவைத்தாள். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. அதன் பிறகு உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் தூது போனது.

இந்த நிலைமையில் அம்மா என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். நான் பிறந்தபோதே அவளுக்கு ரத்தம் நிறையப் போய்ப் பிழைத்தது மறுபிறப்பாம். சேலத்தில் அஸ்தம்பட்டி டாக்டரம்மா இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அம்மாவின் ரத்தம் லேசில் கிடைக்காத வகை, பிரசவத்துக்கு முன்பே அதே வகை ரத்தத்துக்கு ஆள் பார்த்து வைத்தாக வேண்டும். அப்பா ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்துவிட்டு முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்து, "எனக்கும் அதே குரூப்புதானுங்கண்ணா. நாங் குடுக்கறேன்" என்றாள்.

காலேஜில் படிக்கும்போதே அவள் ரத்தம் கொடுக்கப் போய், எடை போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். குறைந்தது நாற்பத்தைந்து கிலோ வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களிடம் எடுத்தால் உடம்பு தாங்காதாம். அத்தை நாற்பத்தொரு கிலோ இருந்தாள். பிரசவத்துக்கு நாலரை மாதம் இருந்தது.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அத்தை நாலு கிலோ தின்று சேர்க்க வேண்டும், சேர்த்ததை அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் வாரம் அத்தை ஆவேசமாகத் தின்றாள். மைசூர்பாகு, பஜ்ஜி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டு, இருந்த எடையிலும் அரைக் கிலோ போய்விட்டது. அப்பாவுக்கு வந்ததே கோபம். "தீனியத் திடீர்னு கொட்டுனா கோழியே களிஞ்சுபோடும் அம்மிணி. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தோணும். வெறுங் கொழுப்பு ஏறுனா எடைதான் ஏறும், தெம்பு ஏறாது" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை அப்பாவின் கைக்குப் போய்விட்டாள். எங்கள் பண்ணையில் குஞ்சுகளை வாராவாரம் எடை போட்டுக் கணக்கு அட்டையில் குறிப்பது வழக்கம். அப்பாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். புது அட்டை ஒன்றை எடுத்து அத்தைக்கென்று தீவன அறைச் சுவரில் மாட்டினார். தீனி, தண்ணீர், எடை, இறப்பு என்று அதில் நாலு கட்டம். அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறப்புக் கட்டத்தில் பொறுப்பாக ஒரு பூஜ்யம் போடுவாள். அப்பா சிரிக்க மாட்டார்.

அத்தை சாப்பிட்டதை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை. காலையில் ராகிக் களியும் கீரையும், பத்து மணிக்கு அவித்த கடலை, மத்தியானம் பருப்பும் நெய்யும், சாயங்காலம் எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், படுக்கும் முன் பால். இரண்டு வேளைக்கு முட்டை. பசியில்லாதவள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணில் நீர் முட்டும். ஒரு வாயை மென்று விழுங்கிவிட்டு, மலை ஏறுகிறவள் நின்று மூச்சு வாங்குவதுபோல் சற்று நிறுத்தி, அடுத்த வாயை எடுப்பாள். பசி எடுக்க வேண்டுமென்று தீவன வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கும் அறைக்கும் நடப்பாள். முதலில் ஒரு வாளிக்கே தள்ளாடினாள். மூன்றாவது மாதம் நிறைவாளி இரண்டை வீசி நடந்தாள். கழுத்தெலும்புக் குழி மேடாகியது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. கண்ணெதிரே ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நல்ல முட்டையை அட்டையிலிருந்து பொறுக்கி எடுத்து அவித்தது அம்மாதான். ஒரு வார்த்தை பேசாமல் தட்டில் வைப்பாள். அத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் தின்பாள். "மஞ்சக்கருவையும் திங்கச் சொல்லு உங்கத்தைய" என்று அம்மா என்னிடம் சொல்வாள், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க.

நாற்பத்துநாலு கிலோவுக்குமேல் எடை நகரவில்லை. மூன்று ஞாயிறு அதே இடத்தில் நின்றது. பிரசவத்துக்கு நாலு வாரம்தான் இருந்தது. அம்மாவின் கால் வீங்கியிருந்தது. அப்பா சுவரில் மாட்டிய அட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பொறுக்கவில்லை. நாலாவது ஞாயிறு அத்தை மூட்டை போடும் தராசில் ஏறி நின்றபோது, பின்னால் நின்றிருந்த நான் கால் கட்டைவிரலால் பலகையின் ஓரத்தை மெல்ல அழுத்தினேன். சிவப்பு எண்கள் நாற்பத்தைந்தைத் தாண்டின. அப்பா பூசாரி மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான்தான் அம்மாவைக் காப்பாற்றினேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சேலம் போனார்கள். ஆஸ்பத்திரித் தராசுக்கு என் கட்டைவிரலைத் தெரியாது. நாற்பத்துநாலு காட்டியது. நர்சு எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அப்பா வேலையாகச் சேலத்திலேயே தங்கிவிட, நானும் அத்தையும் மட்டும் பஸ் ஏறினோம். ராசிபுரம் வருவதற்குள் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கிலோ இருக்குமா சாமி இது?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். பிறகு ஜன்னலில் விற்றவனிடம் வறுகடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி, எனக்கு ஒன்றுகூடத் தராமல் கடைசிக் கடலைவரை தின்று தீர்த்தாள்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் வீட்டுத் தராசிலும் ஆஸ்பத்திரித் தராசிலும் நாற்பத்தைந்தரை. வீட்டில் எடை போட்டபோது என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நான் அத்தையை இழுத்துப்போய் மறுபடி தராசில் ஏற்றினேன். நாற்பத்தைந்து சொச்சம். அரைக் கிலோகூடக் குறையவில்லை. சிவப்பு எண்களை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தம்பி பிறந்தான். டாக்டரம்மா பயந்தது நடந்தது. அத்தையின் ரத்தம் அம்மாவுக்கு ஏறியது. அது தயாராக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா சொல்ல ஆரம்பித்து, பாதியில் எழுந்து போய்விட்டார்.

அம்மா தம்பியோடு வீட்டுக்கு வந்த அன்று நான் கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். அத்தை கொட்டகையில் இருந்தாள். மனதில் வைத்திருந்ததை அம்மாவின் காதில் கொட்டினேன். "அத்த முழுசாக் குடுக்கலீம்மா. நாலரைக் கிலோ சேத்துச்சு, அரைக் கிலோ கூடக் குடுக்கல. மீதி நாலையும் அதுவே வெச்சுக்கிச்சு."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் நெடுநேரம் அழுதாள். அத்தையின் கஞ்சத்தனத்தை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்கும் அழுகையாக வந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயி அட்டையில நல்ல முட்டையா ரெண்டு எடுத்துட்டு வா கண்ணு. அத்தைக்கு அவிச்சு வெக்கோணும்" என்றாள்.

மீதி நாலு கிலோவையும் வாங்காமல் அம்மா விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் சந்தோஷமாகக் கொட்டகைக்கு ஓடினேன்.