‘பரவாயில்லை’க்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு

மனைவி காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மருமகனும் பொங்கோலிலிருந்து சுவா சூ காங்குக்கு என்னைப் பார்க்க வருவார்கள். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. ஆட்டுக்கறி சமைத்து வைப்பேன். மகளுக்கு வேலை கூடியதும் அவர்கள் வருவது குறைந்தது. “இந்த வாரம் முடியாதுப்பா” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். “பரவாயில்லைம்மா” என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் போடுவேன். வெறும் சொல்லாக அனுப்பினால் சங்கடப்படுவாளோ என்றுதான்.

போகப்போக அவள் பதில்கள் “ஓகே” என்பதோடு நின்றன. என்ன தப்பாகச் சொன்னேன் என்று பழைய செய்திகளையெல்லாம் படித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு மாலை ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். தோசையைப் பிய்த்தபடி கேட்டாள்:

“அப்பா, என்மேல கோவம்னா நேரா சொல்லிடுங்க லா. எதுக்கு அந்த ஸ்மைலி?”

“சிரிச்ச முகம்தானேம்மா?”

“உங்களுக்கு. எங்க ஆபீஸ்ல அதைப் போட்டா, கடுப்பை அடக்கிக்கிட்டு குத்திக் காட்டுறாங்கன்னு அர்த்தம். அதைப் பார்த்தாலே உங்க முன்னாடி வந்து நிக்கத் தயக்கமா இருக்கு.”

“அப்போ என்ன போடணும்?”

“ஒண்ணும் வேணாம். மனசுல இருக்கறதை எழுதுங்க.”

அடுத்த ஞாயிறும் அவளால் வர முடியவில்லை. “பரவாயில்லை” என்று எழுதி அழித்தேன். “நீ வராட்டி வீட்டுல பேச ஆள் இல்லம்மா” என்று அனுப்பினேன். உருகி வழியும் மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது. வருத்தமா, கேலியா, தெரியவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கறியில் உப்பு போட மறந்திருந்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து அவள் மட்டும் வந்தாள்.

“அந்த முகத்துக்கு என்னம்மா அர்த்தம்?”

“என்ன சொல்றதுன்னு தெரியலப்பா. அதான்.”

ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சக் கறியில் உப்பு போட்டுச் சுடவைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். தூரம் என்பதால் சீக்கிரமே கிளம்பினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை வாசலில் நின்றேன்.

இப்போது வர முடியாத வாரங்களில் அவளே கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். கொஞ்ச நேரம்தான். அவள் போனை வைத்த பிறகு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் நன்றாகவே கேட்கிறது.