நோயாளி வேலை

நான் பார்த்த வேலைகளிலேயே சுகமானது நோயாளி வேலைதான். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி வாளியாகப் பால் தூக்கி, இடுப்பு விட்டுப்போய் வந்தவளை, சாயங்காலம் ஆனதும் படுக்க வைத்து நாலு ஆண்கள் சுமந்துகொண்டு போனால் கசக்குமா? அதிலும் அந்த நாலு பேரில் ஒருவர் சொந்தப் புருஷனாக இருந்தால்? கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சோறு சுமந்தவள் நான். அவர் என்னைச் சுமக்கட்டுமே என்று ஏறிப் படுத்துவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தோட்டத்து ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நடுவில் ஒரு பலகைப் பாலம். வருஷக் கடைசி மழையில் ஆறு பொங்கினால் முதலில் முழுகுவது அதுதான்.

முந்தின வருஷ வெள்ளத்தில் என் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிரசவ வலி கண்டது. தண்ணீரைத் தாண்டி அவளை எப்படிக் கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. கூடிக் கூடிப் பேசினோம், அழுதோம், வேறொன்றும் செய்யவில்லை. தண்ணீர் வடிந்து டிரெசர் வந்து சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையும் மழைக்காலத்தில்தான் பிறக்கும் என்று பெண்கள் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள்.

டிரெசர் என்றால் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். மலையாளத்துக்காரர், முன்கோபி, நல்ல மனசு. போன வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை அவர் மறக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு ஆம்புலன்ஸ் வகுப்பு ஒன்று தொடங்கினார். வேலை முடிந்ததும் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் திடலில், வகுப்பு நடக்கும். கட்டுமஸ்தான நாலு ஆண்களைப் பொறுக்கி எடுத்தார். இரத்தத்தை நிறுத்த எங்கே அழுத்துவது, ஒடிந்த காலுக்கு எப்படிச் சிம்பு வைப்பது, முழுகினவனைக் குப்புறப் போட்டு எப்படி மூச்சு வரவைப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதுவரை ஒரு வம்பும் இல்லை.

வம்பு ஸ்ட்ரெச்சரில் வந்தது. இரண்டு கோணிச்சாக்கின் மூலைகளைக் கிழித்து, அவற்றுக்குள் இரண்டு மூங்கிலை நுழைத்துக் காட்டினார் டிரெசர்.

"பாத்தீங்களா? காசில்லாத ஸ்ட்ரெச்சர். எங்க வேணும்னாலும் செஞ்சுக்கலாம். யாராச்சும் படுங்க."

ஒருவரும் படுக்கவில்லை. அப்போதுதான் வெட்டிய பச்சை மூங்கில். அதை எங்கள் ஆட்கள் எதற்காக வெட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"படுங்கன்னா?"

"உசிரோட எவன் ஐயா பாடையில படுப்பான்?" என்றார் ஒருவர்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்கள் இப்படியே நின்றால் மழை வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரிக்கு வலியும் வந்துவிடும். "தள்ளுங்க" என்று போய்ப் படுத்தேன். சாக்கு முதுகைக் குத்தியது. ஆனாலும் படுக்கை படுக்கைதான்.

அடுத்த வம்பு திசையில். நோயாளியின் கால் முன்னால் போகவேண்டும், தலை பின்னால் வரவேண்டும் என்றார் டிரெசர். எங்கள் லயத்தில் செத்தவர்களைத்தான் கால் முன்னே போக வாசல் தாண்ட வைப்போம். என் வீட்டுக்காரர் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டார்.

"எம் பொண்டாட்டிய நானே கால நீட்டிக் கொண்டுபோறதா? முடியாது ஐயா."

"அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரி அலுத்துக்கொண்டார் டிரெசர். "பின்னால புடிக்கிற ஆளுக்கு நோயாளி மூஞ்சி தெரியணும்யா! மூச்சு நின்னா யாரு பாக்குறது? மரமா பாக்கும்?"

பின்னால் பிடிக்கிற வேலை அவருக்கே வந்தது. அன்று முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏங்க, எடது பக்கம் சாயுது. ஏண்ணே, மாடு மாதிரி குதிக்காதீங்க" என்று படுத்தபடியே அதிகாரம் பண்ணினேன். "நோயாளி மயக்கத்துல இருக்கணும், பேசக்கூடாது" என்று டிரெசர் அதட்டுவார். கண்ணை மூடுவேன். பத்தடி போவதற்குள் திறந்துவிடும்.

தண்ணீரில் போகும்போது மூங்கிலைத் தோளுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். அதையும் பழகினோம். ஒருநாள் துரை பார்க்க வந்தார். நாலு பேரும் என்னைத் தோளில் ஏற்றி அழகாக நடந்தார்கள். சுடுகாட்டுப் பாதை பிரியும் முச்சந்தி வந்தது. பாடையை இறக்கித் தோள் மாற்றுகிற இடம் அது. கால்களுக்குப் பழக்கம்தானே தெரியும்! அங்கே வந்ததும் நாலு பேரும் நின்றார்கள். இறக்கினார்கள். தோள் மாற்றினார்கள். முன்னால் நின்றவர் தன்னை மறந்து "கோவிந்தா!" என்றார். "கோவிந்தா!" என்று மற்ற மூன்று பேரும் எடுத்தார்கள், என் புருஷன் உள்பட.

நான் எழுந்து உட்கார்ந்து திட்டிய திட்டு மூன்றாம் லயம்வரைக்கும் கேட்டதாம். துரை என்னவென்று விசாரித்தார். நோயாளி குணமாக வேண்டுமென்று சாமி கும்பிடுகிறார்கள் என்று கூட வந்த கங்காணி வாய் கூசாமல் சொன்னார். வெரி குட் என்று சொல்லிவிட்டுப் போனார் துரை. டிரெசர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இனிமே நீ பேசு. மழையில சாக்கு போத்தியிருந்தா மூஞ்சி எங்க தெரியும்? சத்தமாச்சும் கேக்கட்டும். வைய்யி, நல்லா வைய்யி. நோயாளி வஞ்சுக்கிட்டே வரணும். அது இவனுங்களுக்கும் பொணம் இல்லேன்னு ஞாபகப்படுத்தும்."

இப்படியாக, நான் எப்போதும் செய்துகொண்டிருந்த காரியம் எங்கள் ஆம்புலன்ஸ் வகுப்பில் சட்டமாயிற்று.

பேறுகால மாதம் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. மழை அதுவரை பொறுக்கவில்லை. ராப்பகலாகக் கொட்டியது. ஒரு காலையில் பாலத்தின்மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவளுக்கு வலி எடுத்தது.

நாலு பேரும் ஸ்ட்ரெச்சரோடு அவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்க்கா. வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு கால நீட்டி இந்த வாசலத் தாண்ட மாட்டேன். போன புள்ளையும் இந்த வாசல் வழியாத்தான் போச்சு."

நான் அவள் கையைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பச்சை மூங்கிலைக் கண்டு வானத்தைப் பார்த்த அதே மனுஷன்.

"தங்கச்சி, போனா திரும்பி வராதது பாடை. இது திரும்பி வரும். இதுலயே உன்னையும் புள்ளையையும் கொண்டாந்து இதே வாசல்ல எறக்குவேன். மாரியாத்தா மேல சத்தியம்."

அவள் அவரையே பார்த்தாள். அடுத்த வலி வந்தது. கை நிலையை விட்டது.

பாலத்தின் கம்பங்களில் முன்கூட்டியே கயிறு கட்டியிருந்தோம். அக்கரையில் டிரெசர் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு நனைந்துகொண்டு நின்றார். பாலத்தில் கூடுதலாக ஒரு ஆள் ஏறக்கூடாது என்பது அவர் உத்தரவு. அதனால் நான் இக்கரையிலேயே நின்றேன். "வாய மூடாதடி! வைய்யி!" என்று கத்தினேன்.

வைதாள். பூனைக்குட்டி மாதிரி இருப்பவளுக்கு இத்தனை வார்த்தைகள் தெரியுமா என்று வாய் பிளந்தேன். முன்னால் போனவரின் அப்பன், பாட்டன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மழைத் திரைக்குள் நாலு தலையும் ஒரு சாக்கு மூட்டையும் மெல்ல மெல்ல நகர்ந்தன. நடுப்பாலத்துக்குப் போனதும் சத்தம் நின்றுவிட்டது.

ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. முன்னால் இருந்த தோள் ஒன்று சரிந்தது போலத் தெரிந்தது. மாரியாத்தா, என் வாயை வேண்டுமானால் எடுத்துக்கொள், அவளுக்குக் கொடு என்று மனசார வேண்டினேன்.

"ஏண்டா எரும! கால்ல கண்ணில்ல? என்னை என்ன ஆத்துல மீன் புடிக்கவா கூட்டிக்கிட்டுப் போற?"

நான் கரைச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன.

அக்கரை சேர்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பிறந்துவிட்டதாம். பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஒரு கையால் ஆட்டினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

தண்ணீர் வடிந்தது. அவள் நடந்தே வரலாம் என்றார் டிரெசர். அவள் கேட்கவில்லை. "அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கு. போனத லயமே பாத்துச்சு. வர்றதையும் பாக்கட்டும்" என்றாளாம்.

லயமே வாசலில் நின்று பார்த்தது. அதே மூங்கில், அதே கோணி, அதே நாலு பேர், அதேபோலக் கால் முன்னே. அவள் நெஞ்சின்மேல் துணியில் சுற்றிய குழந்தை. பின்னால் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் அதன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து வந்தார். முச்சந்தி வந்தது. பழக்கம் விடுமா? நாலு பேரும் நின்றார்கள்.

"என்னடா நிக்கிறீங்க? வீடு அந்தப் பக்கம்!" என்றாள் அவள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அம்மாவைவிடப் பெரிய தொண்டை. நாலு பேரும் சிரித்துக்கொண்டு வீட்டுப் பாதையில் திரும்பினார்கள். அவள் வாசலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வகுப்புக்குப் போனேன். ஸ்ட்ரெச்சரில் படுக்க எனக்கு முன்னால் லயத்துப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். என் நோயாளி வேலை அன்றோடு போய்விட்டது.